அரை அங்குலம்

லாபிஸ் பெரிய ரோட்டில்
அடகுக் கடைக்கும் கோப்பிக் கடைக்கும் நடுவே என் தையல் மிஷின்.
ஊருக்கு வெளியே மூன்றாம் டிவிஷன்.
ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள்,
செம்பனையை அழித்து ஆட்களை நட்டிருக்கிறார்கள்.
டிவிஷன் என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை.
தோட்டத்துக்குத் தைத்தது
பட்டாளத்துக்கும் அளவாக இருந்தது.

விடிகாலைப் பெரட்டு இப்போதும் உண்டு.
நிரை நிரையாக நிற்பார்கள்.
பால் அதிகம் சுரக்கும் மரத்தில் ஒரு கண் எடுத்து
ஒட்டுக் கட்டுவார்களே, அப்படி
யாரோ ஒருத்தனிடம் எடுத்த துளியிலிருந்து
ஆயிரத்து இருநூறு பேர்.
அந்தக் காது மண்டோர் குழந்தைவேலுவின் காதுதான் என்று
மீன் விற்கும் பாக்கியத்தம்மாள் சத்தியம் செய்கிறாள்.
குழந்தைவேலு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது
எதற்கென்று அவருக்கே தெரியாது.
சாலையில் அவர்கள் அணிவகுத்துப் போனால்
கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி இறக்கிக்கொள்வார்.

எனக்குக் குத்தகை கிடைத்தது சுலபமாக.
மார்பு நாற்பத்திரண்டு, தோள் பதினெட்டரை,
கை இருபத்தைந்து.
ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே எழுத எதுவும் இல்லை.
கிராணி இன்பநாதன் சிரித்தார்:
"உனக்கு டேப் எதுக்கு கோமளம், கத்தரி போதுமே."

தீபாவளிக்கு முந்திய மழையில், கரண்டு போன ராத்திரி
ஒருவன் பின்வாசலில் நின்றான்.
417. நனைந்திருந்தான், நடுங்கவில்லை.
நடுங்கும்படி அவர்களைச் செய்யவில்லை.
இடது தோளைத் தொட்டுக் காட்டினான்.
மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுபோய் டேப் வைத்தேன்.
அரை அங்குலம் இறங்கியிருந்தது.

என்ன அடி, எங்கே விழுந்தாய், கேட்கவில்லை.
வழி தப்பிய மரத்துக்கு
அடியில் மருந்து பூசிப் பட்டுப்போக விடுவது
இந்த மண்ணின் பழைய வழக்கம்.
இலவம்பஞ்சு ஒரு பிடி, உள்துணி, எட்டுத் தையல்.
போட்டுப் பார்த்தான். கண்ணாடியில்
மறுபடியும் ஆயிரத்து இருநூறு பேர் ஆனான்.
கூலி என்று ஒரு ரப்பர் விதையை
மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனான்.
எங்கே கிடைத்ததோ.

அப்புறம் வந்தார்கள்.
ஒருவனுக்கு முழங்கை நேராகவில்லை.
ஒருவன் மெலிந்துகொண்டே இருந்தான்.
ஒருவனுக்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும்
உள்பக்கம் ஒரு பை வேண்டும் என்றான்.
வைப்பதற்கு என்ன இருக்கிறது என்றேன்.
"இன்னும் இல்லை" என்றான்.

இரண்டாவது நோட்டு அன்றைக்குத் தொடங்கியது.
அரிசி டின்னுக்குள் இருக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டு வரிகள்,
ஒன்றுபோல் ஒன்று இல்லை.

பங்குனியில் லோரிகள் அவர்களை ஏற்றிப் போயின.
எந்த எல்லை என்று ரேடியோ சொல்லவில்லை.
வைகாசியில் மூட்டைகள் வந்தன.
துவைத்த சட்டைகள், சலவைத்தூள் வாசம்,
ஓட்டைகளைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம்.
"அடைச்சுக் கொடு, அடுத்த நடவுக்கு ஆகும்" என்றார் கிராணி.
சிரிக்கவில்லை. தேநீரும் கேட்கவில்லை.

எட்டுத் தையலை என் விரல் முதலில் கண்டுகொண்டது.
பிரிக்கத்தான் பிளேடை எடுத்தேன்.
எடுத்தேன், அவ்வளவுதான்.

ஆடியில் புதிய நிரை.
அந்தச் சட்டை 2031-க்குப் போனது.
பிறந்து நாலு மாதமான இருபது வயதுக்காரன்,
தோள் பதினெட்டரை, குறை ஒன்றும் இல்லை.
சட்டை போட்டதும் இடப்பக்கம்
அரை அங்குலம் தூக்கி நின்றது.
கழற்றிக் கொடு, சரி செய்கிறேன் என்று
வாய்வரை வந்துவிட்டது எனக்கு.

கண்ணாடியை வெகுநேரம் பார்த்தான்.
பிறகு, யாரும் சொல்லித் தராமல்,
இடது தோளை
மெல்ல இறக்கிக்கொண்டான்.

ராத்திரி அரிசி டின்னைத் திறந்தேன்.
நூற்றுப் பதின்மூன்று என்று எழுதாமல்
417-க்கு நேரே
இன்னொரு முறை பேனாவை ஓட்டினேன்.